ஐஜிஎம்பி வி3: கொழிஞ்சாம்பாறை லைனில் சில வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஃபைபரில் டிவி கொடுக்கிறோம். ஒரு வீட்டில் தமிழ் சேனல், அடுத்த வீட்டில் மலையாளம் என்று கேட்கும் ஊர், அதனால் பொள்ளாச்சியிலிருந்து ஒரு ஃபீட், பாலக்காட்டிலிருந்து ஒரு ஃபீட். ஒரு சேனலை ஒரே நேரத்தில் பல வீடுகளுக்கு அனுப்பும் முகவரிக்கு குரூப் முகவரி என்று பெயர். 239-ல் தொடங்கும் அந்த முகவரிகளை யார் வேண்டுமானாலும் தங்கள் நெட்வொர்க்குக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதால் இரண்டிலும் சில குரூப் முகவரிகள் ஒன்றாகவே இருந்தன. டிவி பாக்ஸ் தனக்கு வேண்டிய சேனலை ரூட்டரிடம் கேட்கும் முறைதான் ஐஜிஎம்பி. அதன் இரண்டாம் பதிப்பான வி2-வில் பாக்ஸ் "இந்த குரூப் வேண்டும்" என்று மட்டும்தான் சொல்ல முடியும், யார் அனுப்புவது வேண்டும் என்று சொல்ல வழியில்லை. இரண்டு ஸ்ட்ரீமும் ஒரே பாக்ஸில் வந்து விழுந்து படம் கட்டம் கட்டமாக உடையும்.

2002-ல் வந்த வி3-யில் சோர்ஸ் முகவரியையும் சேர்த்துக் கேட்கலாம்: இன்க்ளூட் என்றால் இவர்கள் மட்டும், எக்ஸ்க்ளூட் என்றால் இவர்களைத் தவிர எல்லாரும். யாருக்கு எது வேண்டும் என்று ரூட்டர் 125 விநாடிக்கு ஒருமுறை விசாரிக்கும், 260 விநாடிவரை பதிலே வராவிட்டால் பெயரை அடித்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. வி2-வில் ஒரு பாக்ஸ் பதில் சொன்னால் அதைக் கேட்ட மற்றது வாயை மூடிக்கொள்ளும். வி3-யில் எல்லாமே சொல்லும். அதனால் யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கு வைக்கிற ரூட்டராக இருந்தால், கடைசி ஆள் சேனல் மாற்றியதும் ஸ்ட்ரீமை உடனே நிறுத்திவிடும், இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து இரண்டு விநாடி காத்திருக்க வேண்டியதில்லை.

தலைவலி பழைய பாக்ஸ்கள்தான். அதே விலானில் (நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதி) ஒரே ஒரு வி2 ரிப்போர்ட், அதாவது பாக்ஸ் ரூட்டருக்கு அனுப்பும் பதில், வந்தால் போதும், அந்த குரூப்புக்கு மட்டும் ரூட்டர் வி2-வாக இறங்கிவிடும், அப்புறம் யார் எந்த சோர்ஸைத் தடுக்கச் சொன்னாலும் காதில் வாங்காது. கேட்டுக் கேட்டு இரண்டு ஃபீடையும் 232-ல் தொடங்கும் முகவரிகளுக்கு மாற்றவைத்தோம். அந்த வரிசை சோர்ஸ் குறித்துக் கேட்பதற்கென்றே ஒதுக்கியது, வி2 ரிப்போர்ட்டை அங்கே ரூட்டர் கண்டுகொள்ளாது. சரி, பழைய பாக்ஸ் என்ன செய்யும்? இன்ன குரூப் என்றால் இன்ன சோர்ஸ் என்று ரூட்டரிலேயே மேப்பிங் எழுதிவிட்டோம்.

சுவிட்ச் இன்னும் அரைகுறைதான். எங்களிடம் இருப்பவை குரூப்பை மட்டும் பார்த்து அனுப்புகின்றன, ஒரே விலானில் இரண்டு வீடு இரண்டு சோர்ஸ் கேட்டால் இருவருக்குமே இரண்டும் போகும், தேவையில்லாததை பாக்ஸ்தான் கழிக்க வேண்டும்.

பாக்ஸ் வாங்கும்போது அட்டையில் வி3 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். டிசிபிடம்ப் (நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓட்டி, வி3 ரிப்போர்ட் போகவேண்டிய முகவரியான 224.0.0.22-க்கு ரிப்போர்ட் போகிறதா, அதில் சோர்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சோர்ஸ் எதுவும் இல்லாத காலிப் பட்டியலோடு எக்ஸ்க்ளூட் வந்தால் அது வேஷம் போட்ட வி2.