ஒரு பக்கத் தாளும் ஒரு நீள நோட்டும்: எங்கள் ஊர் நூலகத்தின் தகவல் சேவை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தில் நான் உறுப்பினராகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அங்குள்ள நூல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலையாள நூல்கள் நிறைய, தமிழுக்கு இரண்டு அலமாரிகள். நான் எழுத வந்தது, ஊரில் 'தாள்' என்றே பெயர் பெற்றுவிட்ட ஒரு சேவையைப் பற்றி. ஒருவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், நூலகர் அதைப் பல இடங்களில் தேடி எடுத்து, கேட்டவருக்குப் புரியும் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதித் தருகிறார். கட்டணம் கிடையாது. நகல் வேண்டுமானால் இரண்டு ரூபாய்.

முதல் முறை நான் போனது என் நாற்பது தென்னை மரங்களுக்காக. "தென்னையைப் பற்றித் தமிழில் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. "மரத்துக்கு என்னங்கண்ணா ஆச்சு?" என்றார். கீழ்மட்டைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன என்றேன். ஓலையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதாவது தெரிகிறதா, தெளிப்பதற்கு ஆள் கிடைக்குமா, மலையாளம் வாசிப்பேனா என்று அடுத்தடுத்துக் கேட்டார். பேசுவேன், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. "நாற்பது மரம் உள்ளவருக்கு, ஆள் கிடைக்காதவருக்கு" என்று மேலே எழுதியிருந்தது. வந்திருப்பது, 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்தில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ. கறுப்பாகத் தெரிவது, அந்தப் பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவின்மேல் வளரும் கரும்பூசணம். விஷ மருந்து அடித்தால் இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவியும் சேர்ந்து செத்துவிடும். இவ்வளவும் ஆறு வரிகளில் முடிந்துவிட்டன. அதன் கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில், காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை: ஒரு சதவீத மாவுக் கரைசல், அதாவது லிட்டருக்குப் பத்து கிராம். மற்றொன்றில், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: லிட்டருக்கு 25 கிராம் மைதா. இரண்டையும் கூட்டிக் கழித்து இடைப்பட்ட ஓர் எண்ணைச் சொல்லிவிடாமல், எது யார் சொன்னது என்று தெரியும்படி அருகருகே வைத்திருந்தார். "மாவுக் கரைசல் பூசணத்தை உரிக்கத்தான்; ஈயைக் கொல்லாது" என்ற வரியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மைதாவைத் தெளித்துவிட்டு, ஈ ஏன் சாகவில்லை என்று மறுவாரமே மருந்துக் கடைக்குப் போயிருப்பேன். குறைந்த அளவிலேயே தொடங்கினேன். மீதி வேலையை மழை பார்த்துக்கொண்டது.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சேவையின் அருமை கூடுதலாகவே தெரியும். எங்களுக்கு ஆணை மலையாளத்தில் வருகிறது. அறிவுரை தமிழில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. எது நமக்குப் பொருந்தும் என்று பிரித்துச் சொல்ல யாரும் இல்லை. தொடக்கத்தில் தாள்களின் தமிழும் கொஞ்சம் படுத்தியது. நிலவரி ரசீது, கணக்கு எண் என்று நல்ல தமிழில் எழுதியிருந்ததை நம்பி வில்லேஜ் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றால், அங்கே கரம் அடைத்த ரசீதும் தண்டப்பேர் நம்பரும் கேட்டார்கள். நானும் வேறு சிலரும் இதைச் சொன்ன பிறகு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வழங்கும் சொல்லையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே எழுதித் தருகிறார். தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் அந்த வரிசையில் நிற்பவர்கள் அல்லர்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு வாசகரின் ஆர்வத்தையும் பதிந்து வைத்துக்கொண்டு, புதிதாக வரும் தகவலில் அவரவருக்கு உரியதை மட்டும் கணினியே பிரித்து அனுப்பும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் லூன் 1958இல் முன்வைத்தார். எங்கள் நூலகரிடம் அதற்கு ஒரு நீள நோட்டு இருக்கிறது. என் பெயருக்கு எதிரே "தென்னை, நெல், ஆளியாறு தண்ணீர், பெரிய எழுத்து" என்று எழுதியிருப்பதை ஒருநாள் தலைகீழாகவே வாசித்துவிட்டேன். பெரிய எழுத்து வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படித்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். தமிழகத்துடனான பரம்பிக்குளம்–ஆளியாறு நதிநீர் ஒப்பந்தப்படி, ஜூலை முதல் ஜூன் வரையிலான ஆண்டில் எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்கு வரவேண்டிய தண்ணீர் 7.25 டி.எம்.சி. என்பதையும், ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்பதையும் விளக்கிய தாள், அந்த நோட்டைப் பார்த்துத்தான் கேட்காமலே என்னைத் தேடி வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான வாரத் தாள் எனக்கு நிறைவு தரவில்லை. அங்கே சுருக்குவது வெறும் நறுக்குவதாகப் போய்விட்டது. "1893 – வில்லுவண்டி – அய்யங்காளி" என்று ஒரு வரி. ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கத் தடை இருந்த பொதுவழியில் அவர் ஏன் வண்டி ஓட்டிப் போனார் என்று இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்தால் பக்கம் நிரம்பி வழிந்துவிடாது. அண்ணன் மகள் அந்தத் தாளை முழுவதும் மனப்பாடம் செய்திருந்தாள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் விழித்தாள். தென்னைக்குக் காட்டிய அக்கறையில் பாதி போதும்.

இதைவிடப் பெரிய குறை வாட்ஸ்அப் செய்திகள். தாளின் அடியில் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எழுதியது என்று இருக்கும். கைப்பேசிக்கு வரும்போது இரண்டும் உதிர்ந்துவிடுகின்றன. சென்ற பருவத்தில் நெல் கொள்முதல் பதிவுக்கு இன்றே கடைசி நாள் என்ற செய்தியைப் பார்த்து, நாற்று நடும் ஆட்களை வயலில் விட்டுவிட்டு அரசு இணையச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்துக்கு ஓடினேன். அது முந்தைய பருவத்துச் செய்தி. யாரோ ஒருவர் பழையதை மறுபடியும் குழுவில் போட்டிருக்கிறார். நூலகத்தின் பெயரோடு வந்ததால்தான் நம்பினேன். வேறொருவர் அனுப்பியிருந்தால் இரண்டு பேரிடம் விசாரித்திருப்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும், பக்கத்து ஊர்க்காரர்கள் யார் கேட்டாலும் உறுப்பினராகச் சொல்கிறேன். போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு முன்பே போவது நல்லது. பள்ளி விட்டதும் அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்பதைவிட, வீட்டில் என்ன சிக்கல் என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். மலையாள ஆணையின் நகல் உங்களிடம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

பதிவு விஷயத்தில் நான் வருத்தப்பட்டதை அவர் மறக்கவில்லை. சென்ற வாரம் வாங்கிய தாளில், வழக்கமாகக் கையால் எழுதும் தேதிக்குப் பதிலாக நீல மையில் புதிய முத்திரை ஒன்று, சற்றே சாய்வாக விழுந்திருந்தது. வாட்ஸ்அப்பில் இன்னும் தேதி வரவில்லை.