ஜார்ஜ் பெய்லியா, மேரி பெய்லியா?

1977 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘இட் ஹேப்பன்ட் ஒன் கிறிஸ்துமஸ்’ என்ற படம் ஒளிபரப்பானது. சின்ன ஊர். வீடு கட்டக் கடன் கொடுக்கும் ஒரு குடும்ப நிறுவனம். ஊரையே வளைத்துப்போடப் பார்க்கும் பணக்காரக் கிழவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, இனி வாழ்ந்து என்ன என்று நொறுங்கி நிற்கும் ஒரு நல்ல ஜீவன். காப்பாற்ற வரும் தேவதை. ஆமாம், ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ கதையேதான். பெரிய மாற்றம் ஒன்றே ஒன்று: ஜார்ஜ் பெய்லியின் இடத்தில் மேரி பெய்லி. கிளாரன்ஸ் என்ற தேவதையும் கிளாரா ஆகிவிட்டார்.

இரண்டையும் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு கட்சி தெரியும். காப்ராவின் படத்தில் யாரும் கை வைத்திருக்கவே கூடாது என்பது ஒன்று. பழையதைப் பார்க்காமலே சின்ன வயதில் டிவியில் 1977 படத்தைப் பார்த்தவர்கள் இன்னொன்று. அவர்களுக்கு அதில் மேரியாக நடித்த மார்லோ தாமஸ்தான் அந்தக் கதையின் முகம். எனக்கு முதல் கட்சியோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தோடு இல்லை. நாயகனை நாயகியாக்கியதுதான் படத்தைக் கெடுத்தது என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் படத்தில் உருப்படியான யோசனையே அது ஒன்றுதான்.

பழைய படத்தில் ஒரு இடம் இன்றைக்குப் பலருக்கும் நெருடுகிறது. தான் பிறக்காமலே போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று ஜார்ஜுக்குத் தேவதை காட்டுகிறார். தம்பி பனிக்கட்டிக்குள் விழுந்து சிறுவனாகவே செத்திருப்பான். மருந்துக்கடை கோவர் விஷம் கலந்து கொடுத்ததற்காகச் சிறைக்குப் போயிருப்பார். சரி, இதெல்லாம் பயங்கரம்தான். அப்புறம் மனைவி மேரிக்கு என்ன ஆனது என்று உலுக்கிக் கேட்டால், சொல்லவே தயங்கும் பேரிடி போல ஒரு பதில் வருகிறது: கல்யாணம் ஆகவில்லை, நூலகத்தில் வேலை பார்க்கிறாள்! மேரியாக நடித்த டோனா ரீடுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டி, பயந்து ஓட விட்டிருப்பார்கள். நூலகர் வேலை மரணத்துக்கும் சிறைக்கும் அடுத்த படியில் நிற்கிறது.

1977 படம் மேரியையே கதையின் நடுவில் நிறுத்தியதால் இந்தச் சங்கடம் தானாகவே போய்விடுகிறது. மார்லோ தாமஸ் அப்போது சாதாரண நடிகையும் இல்லை. ‘தட் கேர்ள்’ தொடரில் தனியாக வாழும், வேலைக்குப் போகும் பெண்ணாக வீடுவீடாகத் தெரிந்தவர், பெண்ணுரிமைப் பேச்சில் முன்னால் நின்றவர், இந்தப் படத்தின் தயாரிப்பிலும் பங்கு வகித்தவர். அதனால்தான் எதிர்பார்ப்பு கூடுகிறது.

ஜார்ஜின் கதை ஏன் நெஞ்சைப் பிடிக்கிறது? கல்லூரி, கப்பல், பாலங்கள் கட்டுவது எல்லாம் அவனுக்குக் கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டியதை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறான், ஊரே அதைத் தியாகம் என்று பார்க்கிறது. அதே ஊரில் ஒரு பெண் வீட்டோடு தங்கி அப்பாவின் தொழிலைச் சுமந்தால்? அதை யார் தியாகம் என்பார்கள்? பெண்பிள்ளை, வீட்டில்தானே இருக்கிறாள் என்றுதான் பேச்சு இருந்திருக்கும். கணக்கிலேயே வராத தியாகம், ஜார்ஜுடையதைவிடக் கனமானது. இவ்வளவு பெரிய விஷயம் கைக்குள் வந்தும், படம் அதைத் திறந்து பார்க்காமல் பழைய காட்சிகளின் மேலேயே தடம் வைத்து நடக்கிறது. பெயரை மாற்றினால் போதும், வசனம் அப்படியே பொருந்திவிடும் என்று நினைத்துவிட்டார்கள்.

நடிப்பில் முதலில் பாட்டர், அதாவது அந்தப் பணக்காரக் கிழவர். 1946இல் லயனல் பேரிமோர். மூட்டுவலியால் நிஜமாகவே சக்கர நாற்காலியில் இருந்தவர். வானொலியில் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு டிக்கன்ஸ் கதையின் கருமி ஸ்க்ரூஜாகப் பேசிப் பேசி அமெரிக்கர்களின் காதில் கஞ்சக் கிழவர் என்றாலே இவர் குரல்தான். 1977இல் ஆர்சன் வெல்ஸ். அந்தக் கட்டைக்குரலுக்காகவே ஒருமுறை பார்க்கலாம் என்பவர்கள் மறுகட்சியிலும் இருக்கிறார்கள். பேரிமோர் கடிக்கிறார், வெல்ஸ் கனக்கிறார். எனக்குக் கடிப்பவர்தான் பிடித்தது. தேவதையில் மட்டும் இரண்டும் சமம் என்பேன்: ஹென்றி டிராவர்ஸின் வெகுளித்தனத்துக்குப் பதில் குளோரிஸ் லீச்மன் ஒரு கோணங்கித்தனம் கொண்டுவருகிறார். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரையானதில் ஆச்சரியமில்லை. மேரியின் கணவராக வேய்ன் ரோஜர்ஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் வைக்கவும் ஒன்றுமில்லை.

போட்டி முடிந்துபோவது 1946இல் ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம்தான். போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து அவர் நடித்த முதல் படம் இது. நிறுவனத்தின் 8,000 டாலர் தொலைந்த இரவில் வீட்டுக்கு வரும் காட்சியைப் பாருங்கள். மகள் பியானோவில் ஒரே கிறிஸ்துமஸ் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். படியேறும்போது கைப்பிடிக் குமிழ் கழன்று கையோடு வருகிறது. மகளின் ஆசிரியையைத் தொலைபேசியில் திட்டித் தீர்க்கிறார். கடைசியில் அறை மூலையில் தான் ஆசையாகச் செய்து வைத்திருந்த பாலம், கட்டட மாதிரிகளை உதைத்துத் தள்ளுகிறார். பிள்ளைகள் உறைந்து நிற்கிறார்கள். கிறிஸ்துமஸ் படம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு இப்படி ஒரு அப்பாவைக் காட்டுகிறார்கள். அடுத்து மதுக்கடையில் குரல் உடையப் பிரார்த்திக்கிறார். பதிலாக அந்த ஆசிரியையின் கணவனிடமிருந்து முகத்தில் ஒரு குத்து விழுகிறது.

இந்தக் கோபம் தாமஸிடம் இல்லை. அவர் அழுகிறார், தவிக்கிறார், எல்லாம் நன்றாகவே செய்கிறார். ஆனால் பிள்ளைகள் எதிரில் பொருளை உதைத்து உடைக்கும் அளவுக்கு ஒரு அம்மாவைக் காட்ட 1977இன் குடும்பத் தொலைக்காட்சிக்குத் துணிவில்லையோ என்னவோ. இருந்திருந்தால் இன்று நாம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

மற்ற டிவி மறுஆக்கங்களோடு வைத்தால் இது மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1945ஆம் ஆண்டின் ‘கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்’ படத்தை 1992இல் தொலைக்காட்சிக்காக இயக்கியவர் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

1977 படத்துக்கு இன்னொரு கெட்ட நேரமும் சேர்ந்துகொண்டது. பழைய படம் வெளியானபோது நஷ்டம்தான். 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். காசு கொடுக்காமல் ஓட்டலாம் என்றதும் அமெரிக்காவெங்கும் உள்ளூர் நிலையங்கள் டிசம்பர் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டின. அப்படித்தான் அது ‘கிளாசிக்’ ஆனது. ஆக, மறந்துபோன ஒரு படத்துக்குப் புது உடுப்பு மாட்டலாம் என்று நினைத்திருந்தால், அந்தப் படமே பக்கத்துச் சேனலில் இலவசமாக எழுந்து வந்துவிட்டது. 1990களில் உரிமை மறுபடி ஒரு கைக்குப் போய், என்பிசி தொலைக்காட்சி வருடாந்தரச் சடங்காகக் காட்டத் தொடங்கியபோது மேரி பெய்லியை யாரும் தேடவில்லை.

முதல்முறை பார்ப்பவர் என்றால் 1946 படத்தில் தொடங்குங்கள். நூலகக் காட்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடலாம். மேரி பெய்லியை வேறொரு நாளுக்கு, குறைந்தது ஒரு வாரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் பாவம், அதற்குத்தான் அடி விழும். பழைய படத்துக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசிய பிரதி ஒன்றும் சுற்றுகிறது. அது வேண்டாம், கறுப்பு வெள்ளையே எடுங்கள். அந்தப் பூச்சு ஸ்டூவர்ட்டுக்கே பிடிக்கவில்லை.