தமிழ் லெக்சிகன்: தலைச்சொல் தேடலா, முழு உரைத் தேடலா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதைத் தலைச்சொல்லில் (ஒவ்வொரு பதிவும் தொடங்கும் சொல்லில்) மட்டுமோ முழு உரையிலுமோ தேடலாம்.

சொல் தெரிந்தால் தலைச்சொல் தேடல் போதும்; விரைவானது. ஆனால் வினைகள் அங்கே தொழிற்பெயராகவே பதிவாகியிருக்கின்றன. ‘நடந்தான்’ என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ‘நட’ என்று தொடங்குபவற்றைக் கேட்க வேண்டும். படுதல் வேறு பதிவு, படுத்தல் வேறு பதிவு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

என் மனம் சாய்வது முழு உரைத் தேடலின் பக்கம்தான். பொருள் தெரிந்து சொல் தெரியாதவருக்கு வேறு வழியே இல்லை. ‘மரக்கலம்’ என்று இடுங்கள்: வங்கம், நாவாய், அம்பி என அதைப் பொருளாகக் கொண்ட சொற்கள் வரிசையாக எழுந்து வரும். அச்சுப் புத்தகத்தில் இதற்கு ஆறு தொகுதிகளையும் புரட்ட வேண்டும்! விளக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் இரண்டிலும் தேடுவது நல்லது. வேண்டாத பதிவுகளும் சேர்ந்தே கொட்டும், பொறுமை வேண்டும்.

‘மணிமே.’, ‘பிங்.’ போன்ற நூற்சுருக்கங்களையும் இப்படித் தேடலாம். முன்னது மணிமேகலை, பின்னது பழைய சொற்பொருள் நூலான பிங்கல நிகண்டு. ஒரு பொருளுக்கு நிகண்டு மட்டுமே மேற்கோளாக நின்றால், அது செய்யுளில் வழங்கியதற்கு அந்தப் பதிவில் சான்று இல்லை. இலக்கியங்களில் நாமே தேட வேண்டும்.