டிக்கெட் டு ரைடு: பல ஆட்டங்கள் ஆடியபின் தெரிபவை

ஆலன் ஆர். மூன் வடிவமைத்த இந்தப் பலகை ஆட்டம் 2004-ல் வந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருதையும் வாங்கியது. வட அமெரிக்க வரைபடம், ஆளுக்கு 45 பிளாஸ்டிக் ரயில் பெட்டிகள், 110 ரயில் கார்டுகள், 30 டிக்கெட்டுகள் (எந்த இரு நகரங்களை இணைக்க வேண்டும் என்று சொல்பவை). உங்கள் முறை வந்தால் செய்யக்கூடியது மூன்றில் ஒன்றுதான்: கார்டு எடுக்கலாம், வழித்தடம் பிடிக்கலாம் (இரு நகரங்களுக்கு இடையே எத்தனை கட்டமோ அத்தனை ஒரே நிறக் கார்டு கொடுத்து உங்கள் பெட்டிகளை வைப்பது), புது டிக்கெட் எடுக்கலாம். பத்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

புதிதாக ஆடுபவர்கள் கார்டு பற்றாக்குறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பற்றாக்குறை முறைகளுக்குத்தான். ஒரு முறைக்கு இரண்டு கார்டு. ஆகவே 2 பெட்டி வழித்தடத்துக்கு எடுக்க ஒரு முறை, பிடிக்க ஒரு முறை. கிடைப்பது 2 புள்ளி. 6 பெட்டி வழித்தடத்துக்கு எடுக்க மூன்று, பிடிக்க ஒன்று, கிடைப்பதோ 15. முறைக்கு 1 புள்ளி எங்கே, 3.75 எங்கே! நடுவில் உள்ள 4 பெட்டி வழித்தடம் 7 புள்ளி, அதாவது முறைக்கு இரண்டேகால் சொச்சம். டிக்கெட்டைப் பார்க்காமல் நீள வழித்தடங்களை மட்டும் பிடிப்பவர் ஜெயித்துவிடுவது இதனால்தான்.

அதற்காக டிக்கெட்டை ஒதுக்கவும் முடியாது. சியாட்டில்–நியூயார்க் டிக்கெட் 22 புள்ளி. சியாட்டில்–ஹெலினா (6), ஹெலினா–டுலூத் (6), டுலூத்–சிகாகோ (3), சிகாகோ–பிட்ஸ்பர்க் (3), பிட்ஸ்பர்க்–நியூயார்க் (2) என்று போனால் 20 பெட்டியில் முடிகிறது. வழித்தடப் புள்ளிகளே 40, டிக்கெட்டோடு 62. ஆரம்பத்தில் மூன்று டிக்கெட் வரும், குறைந்தது இரண்டை வைத்துக்கொள்ள வேண்டும். நீள டிக்கெட் ஒன்றும் அதே பாதையில் விழும் சின்ன டிக்கெட் ஒன்றும் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் எதிரெதிர் மூலையில் விழுந்தால், 45 பெட்டி போதாமல் ஒன்று கழித்தலில் போகும். முடிக்காத டிக்கெட்டின் மதிப்பு முழுதாகக் கழிக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

எதை முதலில் பிடிப்பது? எளிய மாற்றுப் பாதை இல்லாத குட்டைத் துண்டுகளை. நாஷ்வில்–அட்லாண்டா ஒரே ஒரு பெட்டி, அதுவும் ஒற்றைத் தடம், ஒருவர்தான் பிடிக்க முடியும். ஒரு புள்ளிதானே என்று விட்டால் சுற்றிப் போக நாலைந்து பெட்டி கூடுதலாக எரியும். இரண்டு பெட்டி லாஸ் ஏஞ்சலிஸ்–லாஸ் வேகாஸும் ஒற்றைத் தடமே. நீளத் தடங்களுக்குப் போட்டி வர நேரமாகும், ஏனென்றால் ஆறு ஒரே நிறக் கார்டு சேர்ப்பது எளிதல்ல; ஒரு நிறத்துக்கு மொத்தமே 12 கார்டு. இரண்டு பேர் ஒரே நிறத்தைச் சேர்த்தால் இருவருமே காய்வார்கள்.

எந்த நிறத்துக்கும் பதிலாகச் செல்லும் இன்ஜின் கார்டுகள் 14. மேசையில் முகம் தெரியத் திறந்து கிடப்பதை எடுத்தால் அந்த முறைக்கு அது ஒன்றுதான். கட்டிலிருந்து கண்மூடி எடுக்கும்போது வந்தால் இன்னொன்றும் எடுக்கலாம். ஆகவே அடுத்த முறையில் ஒரு தடத்தை முடிக்கப்போகிறோம் என்றால் ஒழிய, திறந்த இன்ஜினைத் தொடாமல் இருப்பதே லாபம். பலர் இந்த விதியையே மாற்றி ஆடுகிறார்கள். இன்னொரு தவறு: முதல் கார்டை எடுத்ததும் காலி இடத்தில் இன்ஜின் விழுந்தால், அதை இரண்டாவது கார்டாக எடுக்கக் கூடாது.

ஆட்டம் வரும் அட்டைப்பெட்டியில் ஒரு நிறத்துக்கு 48 ரயில் பெட்டி இருக்கும், மூன்று உபரி. எண்ணாமல் தொடங்கினால் ஒருவர் 48-ஐயும் ஓட்டிக்கொண்டிருப்பார், ஆட்டம் முடியும் நேரமே தவறிப்போகும். கடைசியில் ஒருவரிடம் 2 பெட்டி அல்லது அதற்குக் குறைவாக மிஞ்சினால், அவர் உட்பட எல்லோருக்கும் இன்னும் ஒரு முறை. கையில் 15 கார்டோடு உட்கார்ந்திருப்பவர் மாட்டுவது இங்கேதான். எதிராளி பத்துப் பெட்டிக்குக் கீழே வந்ததும் சேர்ப்பதை நிறுத்திப் பிடிக்க ஆரம்பியுங்கள்.

கார்டு கலைப்பதுதான் தீராத தலைவலி. ஒரே நிறக் கொத்தாக விளையாடுவதால் கழிவும் கொத்தாகவே விழும். சாதாரணமாக இரண்டு தடவை கலைத்தால் ஆறு சிவப்பு வரிசையாக வரும். மேசைமேல் ஏழெட்டுக் குவியலாகப் பிரித்துப் போட்டு, பிறகு கலையுங்கள். பழைய அமெரிக்கப் பதிப்பின் கார்டுகள் சிறியவை, பெரிய கைக்கு வாகில்லை. 2006-ல் வந்த ‘USA 1910’ என்ற விரிவாக்கத்தில் பெரிய கார்டுகளும் கூடுதல் டிக்கெட்டுகளும் உண்டு. முப்பது டிக்கெட்டும் மனப்பாடமாகி, எதிராளியின் இரண்டாவது தடத்திலேயே அவர் இலக்கு தெரிய ஆரம்பித்தவர்களுக்கு அது கட்டாயம்.

இரண்டு மூன்று பேர் ஆடினால் இரட்டைத் தடத்தில் (இரு நகரங்களுக்கிடையே பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு தடங்கள்) ஒன்று மட்டுமே திறந்திருக்கும். அப்போது ஆட்டம் கணக்குப் போட இடம் தரும். ஐந்து பேர் என்றால் கிழக்குப் பகுதியில் அடிபிடி, திட்டத்தைவிட அவசரமே வெல்லும். மூன்று பேர் ஆட்டமே எனக்கு உசத்தி.

புள்ளிப்பட்டை 100 தாண்டினால் முதலிலிருந்து சுற்றும், நடுவில் மேசை ஆடினால் புள்ளிக் காய்களும் நகரும். அதனால் முடிவில் ஒவ்வொருவர் தடங்களையும் முதலிலிருந்து மறுபடி எண்ணுங்கள். மிக நீளமான தொடர்பாதைக்கு 10 புள்ளி. அதில் ஒரே நகரை இரண்டு முறை தொடலாம், ஒரே பெட்டியை இரண்டு முறை எண்ணக் கூடாது.