இடுப்பு நீர்க்கட்டிக்குத் துளை ஒப்பரேஷன்: காசு கட்டும் முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பில் இடுப்பு வலிக்காகத் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணப் (காசு கட்டி டொக்டரிடம் காட்டப்) போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்தது என் அக்காவுக்கு.

அவருக்குத் தொடை இடுக்கில் வலி. கல்லடிப் பாலத்தில் நடக்கப் போனால் பாதியிலேயே நின்றுவிடுவார். எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், "மூட்டுக் கிண்ணத்து எலும்பில் நீர்க்கட்டி. சின்னத் துளை போட்டு, கமராவால் பார்த்துச் சுரண்டி, எலும்புத் துகள் வைத்து அடைத்துவிடலாம். ரெண்டு கிழமையில் வேலைக்குப் போகலாம்" என்றார். நகையை ஈடு வைத்துக் காசு கட்டினோம்.

இந்த முறை பொய்யில்லை. எலும்போடு எலும்பு முட்டி உரசுவதாலோ, கிண்ணத்தின் விளிம்புச் சவ்வு கிழிந்ததாலோ கட்டி வந்திருந்து, குருத்தெலும்பும் நன்றாக இருந்தால், அந்தக் காரணத்தையும் சரிசெய்து குழியை நிரப்புவார்கள். நிரப்புவதற்கு நோயாளியின் சொந்த எலும்போ, தானமாகக் கிடைத்த எலும்போ, செயற்கைப் பொருளோ பயன்படும். அப்போதும் பல வாரம் ஊன்றுகோல் வேண்டும். ரெண்டு கிழமைக் கதையே தவறு.

ஆனால் மூட்டுத் தேய்ந்தாலும் இதே கட்டி வரும். மூட்டு இடைவெளி (எலும்புகளுக்கு நடுவில் குருத்தெலும்பு இருக்கும் இடம்) 2 மில்லிமீற்றருக்கும் கீழே போய்விட்டால் துளை ஒப்பரேஷன் பெரும்பாலும் நிலைக்காது, கடைசியில் மூட்டு மாற்றத்தில்தான் முடியும். ஒப்பரேஷன் செய்தும் அக்காவுக்கு வலி குறையாமல் வேறொரு டொக்டரிடம் போனபோது, ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த அதே எக்ஸ்ரேயில் இடைவெளி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். முதல் டொக்டர் கையில் இருந்ததும் அந்தப் படம்தான். கட்டியைக் காட்டியவர் தேய்வைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு ஆறாதது இதுதான்.

பில்லில் எலும்பு நிரப்பும் பொருளுக்குத் தனியாகக் காசு எடுத்திருக்கிறார்கள். அப்படியான பொருளின் பெட்டியில் தொகுதி இலக்கத்தோடு ஸ்டிக்கர் வரும், அதை நோயாளியின் கோப்பில் ஒட்டுவது வழக்கம். எங்களுக்குத் தந்த தாள்களில் அது இல்லை. ஒப்பரேஷன் குறிப்பைக் கேட்டால் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்கள்.

அதனால் முதலில் மூட்டு இடைவெளி எவ்வளவு, கட்டி ஏன் வந்தது, எதை வைத்து நிரப்பப் போகிறீர்கள் என்று கேளுங்கள். படங்களின் பிரதியோடு இன்னொரு எலும்பு நிபுணரிடமும் காட்டுங்கள். அரச வைத்தியசாலை கிளினிக்கிலும் காட்டலாம்.

தனியார் வைத்தியசாலைகளைக் கண்காணிக்க 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. டொக்டரைப் பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவச் சபைக்குப் போக வேண்டும். பில், எக்ஸ்ரே பிரதிகளோடு இரண்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.