நாய்க்குத் தடுப்பு, பூனைக்கு வாசல்: சிறுகதவு வைத்த பாதுகாப்புக் கதவு, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் தூத்துக்குடி வீட்டில் ஆறு வயதுப் பெண்பூனை ஒன்று இருக்கிறது, பெயர் தேனு. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், உறவினர் ஒருவர் வெளியூருக்குக் குடிபெயர நேர்ந்ததால், அவர் வளர்த்த இரண்டு வயதுச் சிப்பிப்பாறை நாய் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் பெயர் வீரா. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்காக நான் வாங்கிய பொருள்களுள் உண்மையாகவே உதவியது, கீழ்ப்பகுதியில் பூனை நுழையும் அளவுக்கு ஒரு சிறுகதவு வைத்த இரும்புக் கம்பிப் பாதுகாப்புக் கதவுதான். குழந்தைகள் மாடிப்படியில் விழாமலிருக்க வைப்பார்களே, அந்தக் கதவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே வடிவம் பல பெயர்களில் விற்கப்படுவதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, பொருளின் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிப்பிப்பாறை இனத்தை அறிந்தவர்களுக்கு என் கவலை புரிந்திருக்கும். தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு, விரட்டி, ஓடியே பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை இன்று குற்றம். ஆயினும் சிறிய உயிர் ஒன்று குறுக்கே ஓடினால் இந்த நாயின் உடம்பு தானாகவே வில்லாக வளைகிறது. வீராவுக்குத் தேனுவிடம் பகை எதுவும் இல்லை. ஓடும் பொருளைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். துரத்தப்படும் பொருள் ஓடுவது பூனையின் பிறவிக் குணம். இந்த இரண்டும் முதல் நாளிலேயே ஒன்றோடொன்று சந்தித்துவிட்டால், பிறகு பழக்குவது பல மடங்கு கடினமாகிவிடும்.

டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோசப் டெர்கெலும் அவருடைய மாணவியும் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூனைக்கு ஆறு மாதமும் நாய்க்கு ஒரு வயதும் ஆவதற்குள் அறிமுகம் நடந்தால் உறவு எளிதில் அமைகிறது என்றும், பூனை முதலில் வந்த வீட்டில் வாய்ப்பு மேலும் நன்றாக இருக்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது மட்டுமே பொருந்தியது. வயதோ இரண்டுக்குமே கடந்துவிட்டது. ஆகவே அவசரப்படாமல் இருக்க ஒரு கருவி தேவைப்பட்டது.

இந்தக் கதவைப் பொருத்துவதற்குச் சுவரில் துளையிட வேண்டியதில்லை. நான்கு மூலைகளிலும் உள்ள நீண்ட திருகாணிகள், முனையிலுள்ள ரப்பர் குமிழ்களால் நிலைக்கால்களை இருபுறமும் அழுத்திப் பிடிப்பதால் கதவு நிற்கிறது. என்னுடையது 75 முதல் 82 செ.மீ. அகலமுள்ள வாசலுக்கு உரியது. எங்கள் அறைவாசல் 86 செ.மீ. இருந்தபடியால் 7 செ.மீ. நீட்டுச் சட்டம் ஒன்றையும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் நிலைக்கால்களுக்கு இடைப்பட்ட இடத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்துகொள்ளுங்கள். பழைய வீடுகளில் இந்த மூன்றும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியைத் திறந்ததும் சட்டம் கோணலாகவும், தாழ்ப்பாள் பக்கம் இரண்டு விரல் இடைவெளியுடனும் தெரியும். உடைந்த பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று எண்ணித் திருப்பி அனுப்ப இருந்தேன். திருகாணிகளை முடுக்க முடுக்கச் சட்டம் நேராகி அந்த இடைவெளி மூடிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கூடவே வந்த தாளில் இதை முதல் வரியாக அச்சிட்டிருக்க வேண்டும்.

முதலில் நான் வாங்கியது 76 செ.மீ. உயரமுள்ள, பரவலாகக் கிடைக்கும் கதவு. விலை 3,900 ரூபாய். அது என் தவறு. வீராவின் தோள் உயரமே 62 செ.மீ. மூன்றாம் நாள் மாலை, அறைக்குள் தேனு அலமாரியிலிருந்து குதித்த சத்தம் கேட்டதும், ஓடி வந்து வேகம் எடுக்கக்கூட இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே வீரா கதவைத் தாண்டிவிட்டது. தேனு பரணில் ஏறிக்கொண்டு மறுநாள் காலை வரை இறங்கவில்லை, சோற்றையும் தொடவில்லை. அந்த இரவு நான் பட்ட வருத்தம் இன்னும் மனத்தில் இருக்கிறது. மறுவாரம் 104 செ.மீ. உயரமுள்ள கதவை, நீட்டுச் சட்டத்தோடு சேர்த்து 6,200 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று வரை அதை வீரா தாண்டியதில்லை. நாட்டு வேட்டை நாய் வளர்ப்பவர்கள், சிப்பிப்பாறையோ கன்னியோ இராஜபாளையமோ எதுவாயினும், உயரம் குறைந்த கதவை வாங்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இனி சிறுகதவுக்கு வருகிறேன். விற்பவர்கள் இதை நாயைத் தடுக்கும் பொருளாகவே விளம்பரப்படுத்துகிறார்கள். ஓராண்டு பயன்படுத்திய பிறகு, இதன் முழு மதிப்பும் அந்தச் சிறுகதவில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். தடுப்பதற்கு மட்டும் என்றால் அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாலே போதும். ஆனால் அறைக்குள் அடைபட்ட பூனை, வெளியே இருக்கும் நாயைப் பற்றி அச்சத்தைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்வதில்லை. எவ்வளவு நெருங்குவது, எப்போது நெருங்குவது, எப்போது திரும்பிப் போவது என்ற முடிவைப் பூனையின் கையில் கொடுத்தால்தான் அது நாயைத் தெரிந்துகொள்ளும். ஏறக்குறைய 20 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் கொண்ட அந்தத் துளை, அதைத்தான் தேனுவுக்குக் கொடுத்தது.

உயரமான கதவைப் பொருத்திய முதல் வாரம் சிறுகதவைப் பூட்டிவிட்டு, கம்பிகளின் மேல் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டேன். ஒன்றன் வாசனையும் சத்தமும் மற்றதற்குப் போகும், உருவம் தெரியாது. தேனு படுத்த துண்டை வீராவின் தட்டுக்கு அடியிலும், வீரா படுத்த சாக்கைத் தேனுவின் தட்டுக்கு அருகிலும் வைத்தேன். இரண்டாம் வாரம் போர்வையை நாளுக்கு ஒரு சாண் உயர்த்தினேன். அப்போது வீராவை வாரில் பிடித்துக் கதவிலிருந்து பத்தடி தள்ளி உட்கார வைத்து, அது தேனுவின் மேலிருந்து பார்வையை விலக்கும் ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுத்தேன். பார்த்ததற்குப் பரிசு இல்லை, பார்வையை எடுத்ததற்கே பரிசு என்பதை அது இரண்டே நாளில் புரிந்துகொண்டது. மூன்றாம் வாரம் சிறுகதவைத் திறந்தேன். தேனு அதன் அருகே வந்து உட்கார்ந்ததே தவிர வெளியே வரவில்லை. இருபத்து மூன்றாம் நாள், உச்சிவேளையில், வீரா கூடத்தின் மறுகோடியில் உறங்கும்போது முதன்முதலாக வெளியே வந்து, நான்கடி நடந்து, தரையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நான் பேசாமல் அமர்ந்திருந்தேன். அடுத்த நாள் எட்டடி நடந்தது.

கம்பிகளுக்கு இடையே 5 செ.மீ. இடைவெளி இருப்பது இந்த நாட்களில் மிகவும் பயன்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று முழுவதுமாகப் பார்க்க முடிந்தது. ஒன்றின் உடல்மொழியை மற்றது படிக்கவும், இரண்டையும் நான் படிக்கவும் முடிந்தது. நாய் முன்னங்காலைத் தூக்கினால் விளையாட்டுக்கு அழைப்பதாக இருக்கலாம்; பூனை தூக்கினால் அறையப் போவதாக இருக்கலாம். நாயின் வால் தளர்வாக ஆடுவது நட்பு. பூனையின் வால் சாட்டைபோல் சுழல்வது எரிச்சல். பூனையின் நட்பு, வாலைச் செங்குத்தாக உயர்த்திக்கொண்டு வருவதில் இருக்கிறது. வீராவைப் பொறுத்தவரை நான் அஞ்சியது குரைப்பை அல்ல. வாய் மூடி, காது முன்னே நிமிர்ந்து, உடல் விறைத்து, இமை கொட்டாமல் பார்க்கும் அமைதிதான் வேட்டைக்கு முந்திய நிலை. அதைக் கண்டவுடன் அன்றைய பழக்கத்தை நிறுத்திவிடுவேன். பிறகு ஒரு நாள், வீரா கம்பியின் மறுபுறம் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட அழைத்தது. தேனு போகவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. ஐப்பசிக்குள் இரண்டும் கம்பிக்கு ஊடே மூக்கோடு மூக்கு வைத்து முகரத் தொடங்கின. மூக்கை முகர்வது பூனைகளின் முகமன். நாய்கள் அதைக் கற்றுக்கொள்வதை மேற்சொன்ன ஆய்விலும் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து கதவு பகலில் திறந்தே கிடக்கிறது. அப்படியானால் அதைக் கழற்றிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கழற்ற மாட்டேன், அதற்குக் காரணங்கள் உண்டு. தேனுவின் உணவுத்தட்டும் மணல்தொட்டியும் கதவுக்கு அப்பால்தான் இருக்கின்றன. நாய்கள் பூனையின் மலத்தைத் தின்னக்கூடியவை; நனைந்தால் கட்டியாகும் மணலையும் சேர்த்து விழுங்கினால் வயிற்றுக்குக் கேடு. பூனையுணவில் புரதமும் கொழுப்பும் மிகுதி என்பதால் வீரா அதைத் தின்று கொழுக்கும். இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது: நாயுணவை மட்டும் தின்னும் பூனைக்கு டாரின் என்னும் சத்துக் குறைந்து, விழித்திரையும் இதயமும் கெடும். ஒரே தட்டில் இரண்டுக்கும் போட்டு வளர்ப்பது அன்பாகத் தோன்றலாம். பூனைக்கு அது மெதுவான தீங்கு.

எல்லாவற்றையும்விட முக்கியம் உண்ணி மருந்து. எங்கள் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் நாய்க்கு உண்ணி மருந்து இல்லாமல் முடியாது. நாய்களுக்காகப் பிடரியில் சொட்டு விடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவாதலால், நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவே பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் மரணத்தையும் தரலாம். மருந்து இட்ட நாயோடு உரசியோ, அதை நக்கியோகூடப் பூனை பாதிக்கப்படும். ஒரு கடையில் நாய்மருந்திலேயே பாதியைப் பூனைக்கும் விடலாம் என்று எனக்குச் சொன்னார்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் கடைக்காரர் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் தேனு இன்று இருந்திருக்காது. இப்போது வீராவுக்குப் பூனை உள்ள வீட்டுக்கு ஏற்ற மருந்தையே மருத்துவர் தருகிறார். அப்படியிருந்தும் மருந்து கொடுக்கும் நாட்களில் சிறுகதவைப் பூட்டி, அவர் சொல்லும் காலம் வரை இரண்டையும் பிரித்தே வைக்கிறேன். நாயும் பூனையும் உள்ள வீட்டார் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் அடிப்பட்டை தரையிலிருந்து இரண்டரை செ.மீ. உயர்ந்து நிற்கிறது. எழுபத்து நான்கு வயதான என் அம்மா இருமுறை இடறினார்; விழாமல் தப்பியது அதிர்ஷ்டம். மஞ்சள் ஒட்டுநாடா ஒட்டிய பிறகு இடறவில்லை என்றாலும், முதியோர் இரவில் நடமாடும் வழியில் இதைப் பொருத்துவது சரியன்று. கதவு தானே மூடும்போது எழும் இரும்புச் சத்தம் தொடக்கத்தில் தேனுவை மிகவும் அச்சுறுத்தியது. தாழ்ப்பாளில் மெத்தென்ற துணிப்பட்டை ஒட்டி அதைக் குறைத்தேன். கார்த்திகை மழைக்குப் பின் பற்றவைத்த மூட்டுகளில் துரு தெரிந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் வாங்கியவுடனே அந்த இடங்களில் ஒரு பூச்சு வண்ணம் அடித்துவிடுவது நல்லது. சிறுகதவின் பிளாஸ்டிக் பூட்டு எட்டாம் மாதத்தில் உடைந்தது. அந்தச் சிறு உறுப்பு மட்டும் தனியாகக் கிடைக்காது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். முழுக் கதவின் உயிரும் அதில் இருக்க, அதற்கு மாற்று உறுப்பு வைத்திருக்காதது பெருங்குறை என்பேன். இப்போது ஒரு பித்தளைக் கொக்கியால் சமாளிக்கிறேன்.

இன்னொன்று. சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களின் முகம் ஒடுக்கம். வீராவின் மார்பு சிறுகதவில் நுழையாது, தலை நுழையும். ஒருமுறை அப்படி நுழைத்துக் கழுத்துப்பட்டை கொக்கியில் மாட்டிக்கொண்டது. நான் அருகில் இருந்ததால் உடனே விடுவித்தேன். அன்று முதல் வீட்டுக்குள் அதற்குக் கழுத்துப்பட்டை போடுவதில்லை. நாய்க்குட்டியோ சிறிய இன நாயோ வளர்ப்பவர்களுக்குச் சிறுகதவே பயனற்றது. பூனை போகும் வழியில் அவையும் போய்விடும். அவர்கள் அந்தப் பணத்தில் நாய்க்கு எட்டாத உயரத்தில் பூனைக்குப் பலகைத் தட்டுகள் அடித்துக் கொடுக்கலாம்; தட்டில் ஏறிக்கொள்ளும் பூனைக்குக் கதவு தேவைப்படாமலும் போகலாம்.

வீரா இப்போது கூடத்துத் தூணருகே படுக்கிறது. தேனு அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பாயின் ஓரத்தில் படுக்கிறது. அதைவிட நெருங்க இரண்டுமே விரும்பவில்லை, நானும் நெருக்குவதில்லை. பெரிய கதவு முழுவதும் திறந்து கிடந்தாலும், தேனு அறைக்குள் போகும்போது சுற்றிக்கொண்டு வந்து, அந்தச் சிறுகதவின் வழியாகவே நுழைகிறது.