போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா? ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்

சென்னை குரோம்பேட்டையில் வாடகை வீடு, மொட்டை மாடிக்கு நேர் கீழே. இப்படிப்பட்ட வீட்டில் மே மாதம் இருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி பூராவும் அதைத் தலைமேல் கொட்டும். பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன், இஸ்திரி போட்டு முடித்த துணி மாதிரி சூடு. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே இறக்கும்.

அப்பாவுக்கு ஏப்ரலில் பைபாஸ் ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது, அறை குளிர்ச்சியாக இருக்கட்டும், வேர்த்து விறுவிறுக்க விடாதீர்கள் என்றார் டாக்டர். வீட்டுக்காரரோ சுவரில் ஓட்டை போடவே கூடாது என்பவர், அக்ரிமென்ட்டிலேயே எழுதியிருந்தது. ஸ்ப்ளிட் ஏசி போக வழியில்லை, ஜன்னலில் கம்பி அடித்திருப்பதால் விண்டோ ஏசியும் இல்லை. அப்படித்தான் போர்ட்டபிள் ஏசிக்கு வந்தேன். சக்கரம் வைத்த ஒரு பெட்டி, முழுக்க அறைக்குள்ளேயே நிற்கும், அனலை மட்டும் ஒரு குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே தள்ளும். 1 டன், விலை 35,000-க்குப் பக்கம்.

முதல் பிரச்சினை ஜன்னல். இந்தப் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பலகை, பக்கவாட்டில் நகரும் கண்ணாடி ஜன்னலுக்காகச் செய்தது. நம் வீடுகளில் வெளிப்பக்கம் திறக்கும் மரக்கதவு, உள்ளே இரும்புக் கம்பி. டெலிவரிக்கு மறுநாள் மாட்ட வந்த பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது செட் ஆகாதுக்கா" என்று கிளம்பிவிட்டான். விற்றவர்களிடம் கேட்டால் ஜன்னல் வேலை எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பணம் கட்டும் வரைக்கும் இதை ஒருத்தரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது. கடைசியில் தெருமுனை ஆசாரி பிளைவுட்டில் வட்டமாக வெட்டி ஜன்னலை அடைத்துக் கொடுத்தார், 1,200 ரூபாய். ஆறு அங்குலக் குழாய் கம்பிக்குள் நுழையாது, அதனால் அதன் வாய் கம்பிக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. அனல் கம்பி இடுக்கு வழியாக வெளியே போகிறது.

அடுத்தது பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டப் போனவளை எலக்ட்ரீசியன் அண்ணன்தான் தடுத்தார். "அக்கா, இது மிக்ஸி இல்ல, விடிய விடிய இழுக்கும், பாக்ஸ் உருகிடும்" என்று சொல்லி 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டுக்குத் தனி லைன் இழுத்தார். வாங்கப் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, குளிர்ந்ததா? குளிர்ந்தது. 10-க்கு 11 அடி அறை. ராத்திரி ஒன்பது மணிக்கு 35 டிகிரி இருந்தது ஒரு மணி நேரத்தில் 31-க்கு வந்தது, நள்ளிரவுக்கு மேல் 29. ரிமோட்டில் 24 வைத்தாலும் 20 வைத்தாலும் அதற்குக் கீழே வரவில்லை. ஆனால் காற்றில் இருந்த பிசுபிசுப்பு போய்விட்டது. கடலோர ஊரில் பாதி வேதனையே அந்த ஈரம்தான், அதனால் 29-லும் அப்பா தூங்கினார். தையல் போட்ட நெஞ்சோடு வேர்வையில் புரண்டுகொண்டிருந்த மனிதர் முதல் ராத்திரி ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இந்தப் பெட்டியைப் பற்றி நான் என்ன குறை சொன்னாலும் அந்த ராத்திரியை மறக்க மாட்டேன்.

ஏன் 29-க்குக் கீழே வரவில்லை? இரண்டாவது வாரம், சமையலறையில் தாளித்தால் அந்த வாசனை கதவு சாத்திய அறைக்குள் குப்பென்று வருவதைக் கவனித்தேன். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கில் பிடித்தேன். புகை மேலே போகவில்லை, கயிறு கட்டி இழுத்த மாதிரி தரையோடு தரையாக அறைக்குள் ஓடியது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒற்றைக் குழாய் மெஷின், தன் கண்டென்சரை, அதாவது சூட்டை வெளிவிடும் பாகத்தை, ஆற்றுவதற்கு அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்து வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று வந்தாக வேண்டும், அது கதவு இடுக்கு, ஜன்னல் சந்து, பாத்ரூம் வழியாக வெளிச்சூட்டோடு வருகிறது. குளிர வைத்த காற்றைத் தானே வெளியே அனுப்பிவிட்டு அனலை உள்ளே இழுக்கும் மெஷின். கதவு இடுக்கை முழுக்க அடைத்தாலும் வேறு எங்காவது வழி தேடிக்கொள்ளும். இது போதாதென்று அந்தக் குழாயே அறைக்குள் சூடாகத் தொங்குகிறது. பழைய போர்வையைச் சுற்றிக் கட்டியதில் கொஞ்சம் குறைந்தது.

அதனால் பெட்டியில் போட்டிருக்கும் டன் கணக்கை நம்பி ஸ்ப்ளிட்டோடு ஒப்பிடாதீர்கள். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அந்த எண் இரண்டிலும் ஒன்றுதான், அறையில் கிடைக்கும் குளிர் ஒன்றல்ல. அமெரிக்காவில் இந்தக் குறைக்காகவே போர்ட்டபிள்களுக்கு அளவு குறிக்கும் முறையை மாற்றி, உள்ளே வரும் சூட்டையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். வெளிக்காற்றை எடுக்க ஒன்று, வெளியே விட ஒன்று என்று இரட்டைக் குழாய் வைத்த மாடல் இருந்தால் நிச்சயம் மேல். எங்கள் பக்கத்துக் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை.

சத்தம் இருக்கிறதே, அது தனிக் கதை. ஸ்ப்ளிட்டில் கம்ப்ரசர் வெளியே இருக்கும், இதில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அப்பா கூப்பிட்டால் அடுத்த அறையில் எனக்குக் கேட்காது. அதனால் காலிங் பெல் ஒன்று வாங்கி அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம்.

அப்புறம் தண்ணீர். காற்றிலிருந்து பிரியும் ஈரம் மெஷினுக்குள் இருக்கும் டேங்கில் சேரும். வெளியேறும் சூட்டிலேயே அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், எடுத்துக் கொட்டவே வேண்டாம் என்று விளம்பரத்தில் இருக்கும். சென்னை ஈரத்தில் அது நடக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு டேங்க் நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும். தண்ணீரைத் திறந்துவிடும் அடைப்பான் பின்பக்கம், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். அதற்குக் கீழே நுழையும் பாத்திரம் சப்பாத்தித் தட்டு ஒன்றுதான். அரைத்தூக்கத்தில் தட்டை வைத்து, நிறைந்ததும் அடைத்து, கொட்டிவிட்டு வந்து திரும்பத் திறந்து, இப்படி ஏழெட்டு முறை. மூன்றாம் நாள் மெஷினைப் பலகை போட்டு உயர்த்தி, ஒரு டியூப் மாட்டி பாத்ரூமுக்கு இழுத்துவிட்டேன். வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

கரண்ட். மீட்டரைப் பார்த்துக் குறித்தேன், எட்டு மணி நேரத்துக்கு 10 யூனிட். 29-லேயே நிற்பதால் கம்ப்ரசர் ஓய்வதே இல்லை. இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடிக்கொண்டிருந்த வீடு 950-ஐத் தொட்டது. 500-க்கு மேலே ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை ஏறுமே, அதனால் ஆயிரத்துக்குள் வந்துகொண்டிருந்த பில் ஆறாயிரத்தைத் தாண்டியது. அதே அறையில் தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் 1 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஓடினால் பாதி யூனிட்தான் ஆகும்.

ஜூன் முதல் வாரம் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம், ஃபெவிகால் கலந்து இரண்டு கோட். ஒன்பது மணிக்கு 35 இருந்த அறை 33-க்கு இறங்கியது, மெஷினும் 27 வரை கொண்டுவந்தது. இதை ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டும். நீங்கள் எந்த ஏசி வாங்குவதாக இருந்தாலும் முதலில் மாடிக்கு வெள்ளை அடியுங்கள்.

இன்னொன்று, இரண்டாயிரம் ரூபாய்க்கு யூஎஸ்பியில் ஓடும் மினி ஏசி என்று போனில் விளம்பரம் வருகிறதே, தயவுசெய்து வாங்காதீர்கள். அது ஈரத்துணி வழியாகக் காற்று விடும் குட்டி ஃபேன், ஏசியே இல்லை. பெரிய ஏர்கூலர்கூட வேலூர், திருச்சி மாதிரி வறண்ட ஊருக்குத்தான் சரி, இங்கே அறையை இன்னும் புழுக்கமாக்கும்.

ஆக, சுவரைத் தொடவே முடியாது, ஜன்னலிலும் வழியில்லை, வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கிறது, ஒரே ஒரு சின்ன அறை போதும் என்றால் வாங்குங்கள், கைகொடுக்கும். ஹாலைக் குளிர வைக்கலாம், அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் வேண்டாம். சக்கரம் இருக்கிறதே தவிர, பிளைவுட் அடைத்த ஜன்னலை விட்டு அது எங்கேயும் நகராது.

ஆகஸ்டில் வீட்டுக்காரரை அழைத்து வந்து அப்பாவின் அறையைக் காட்டினேன். அவர் பயந்தது சுவரை உடைத்துவிடுவோம் என்றுதானாம். ஸ்ப்ளிட்டுக்குத் தேவை மூன்று அங்குலத்துக்கும் குறைவான ஒரு துளை, துளை போடும் மெஷின் வைத்துச் சுத்தமாகப் போடலாம், அவுட்டோர் யூனிட்டை மாடியிலேயே வைத்துக்கொள்கிறோம், காலி செய்யும்போது துளையை அடைத்து பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா, போட்டுக்கோ" என்றார். 35,000 ரூபாய் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை உங்கள் வீட்டுக்காரரையும் இப்படி எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.